ரீஃப் டேங்க்கோட வீடு மாறப்போறீங்களா, முதல்ல மணல கவனிங்க

ரீஃப் டேங்க்னா கோரலும் (பவளம்) மீனும் சேத்து வளக்குற கடல்தண்ணித் தொட்டி. அதோட வீடு மாத்தும்போது எல்லாரும் மீனப் பத்திதான் கவலப்படுவாங்க, ஆனா மீனு மூடி போட்ட பக்கெட்ல ஒரு பேட்டரி ஏர் பம்ப் இருந்தா சில மணி நேரம் சமாளிச்சிரும். புது வீட்டுக்குப் போனப்புறம் அதுங்கள சாகடிக்கிறது பெரும்பாலும் பழைய மணல்தான். மேல வெள்ளையா இருக்கும், அடியில ஆக்சிஜன் போகாத இடத்துல கறுப்பு கறுப்பா படிஞ்சிருக்கும், அத கிளறினா அழுகுன முட்ட நாத்தம் அடிக்கும் பாருங்க, அது ஹைட்ரஜன் சல்ஃபைடு, விஷம். கூடவே தேங்கிக் கிடந்த கழிவெல்லாம் கலங்கி அம்மோனியா எகிறிடும். அதனால ரொம்ப நாள் ஆன மணல்னா தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்கிடுங்க, இதுல காசு மிச்சம் பிடிக்காதீங்க. இல்ல பழசுதான் வேணும்னா தண்ணி தெளிவா வர்ற வரைக்கும் உப்புத்தண்ணிலயே அலசணும். அலசுனா கழிவ மாத்துற நல்ல பாக்டீரியா போயிருமேன்னு கேப்பீங்க, லைவ் ராக்லயே, அதாவது டேங்க்ல கிடக்குற பாக்டீரியா குடியிருக்கிற கல்லுலயே, நிறைய இருக்கு, அது காயாம பாத்துக்கிட்டா போதும்.

முந்தின நாளே ஆர்ஓ தண்ணில உப்பு கலக்கி பம்ப் ஓட விட்டுருங்க, அடர்த்தி 1.025, சூடு 25-26 டிகிரி, உங்க டேங்க்ல என்ன இருக்கோ அதுக்கு ஒத்துப்போகணும். ஒரு நாள் முன்னாடியே தீனிய நிறுத்திடுங்க, அப்பதான் பக்கெட்ல அசிங்கம் பண்ணாது.

அன்னைக்கு முதல் வேலை ஹீட்டர ஆஃப் பண்றது. அரை மணி நேரம் ஆறட்டும், சூடா இருக்கும்போது தண்ணி இறங்கினா ஹீட்டர் கண்ணாடி வெடிச்சிரும். எதையும் தொடுறதுக்கு முன்னாடி மேலாப்புல இருந்து தெளிஞ்ச தண்ணிய பக்கெட்டுகள்ல புடிச்சு வச்சுக்கோங்க. அப்புறம் கோரல், அதுக்கப்புறம் ராக், மீன் கடைசியில. ராக் இருக்கும்போது வலைய வச்சு துரத்துனா சாயங்காலம் வரைக்கும் துரத்திக்கிட்டே இருக்கணும், ராக் வெளிய வந்து தண்ணி ஒரு சாண் ஆனா தானா மாட்டும். ராஸ்னு ஒரு மீன் வகை, அதுல சிலது மணலுக்குள்ள புதைஞ்சு கிடக்கும், மணல அள்றதுக்கு முன்னாடி மீன எண்ணிப் பாருங்க. ராக்கையும் மீனையும் ஒரே பக்கெட்ல போடாதீங்க, ராக் உருண்டா மீன் நசுங்கிரும். அனிமோன் (பூ மாதிரி விரியிற கடல் உயிரி) ராக்ல ஒட்டியிருந்தா ராக்கோடவே தூக்குங்க, பிச்சு எடுத்து ஒட்டியிருக்கிற அடிப்பாதம் கிழிஞ்சா பிழைக்கிறது கஷ்டம். ஸோவாந்திட்ங்கிற கோரல் மாதிரியான உயிரிய தொடும்போது கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம், சிலதுல பாலிடாக்ஸின்ங்கிற கடும் விஷம் இருக்கு, வெளையாட்டு இல்ல.

கோரல தனித்தனி பையில போட்டு தெர்மாகோல் பெட்டில அடுக்குங்க. டேங்க்ல கொஞ்சூண்டு தண்ணியோ மணலோ இருந்தாகூட அப்படியே தூக்கக்கூடாது, டேங்க் கண்ணாடி ஒட்டுன இடம் விட்டுரும். ஃபில்டருக்குள்ள இருக்குற மீடியாவையும் (ஸ்பாஞ்சு, கல்லு மாதிரி) டேங்க் தண்ணிலயே நனைச்சு வைங்க.

அங்க போனதும் ஸ்டாண்ட மட்டம் பாத்துட்டு ராக், தண்ணி, ஹீட்டர், பவர்ஹெட் (தண்ணிய சுத்த விடுற பம்ப்), ஸ்கிம்மர் (கழிவ நுரையா பிரிக்கிற கருவி) ஓட விடுங்க, சூடும் உப்பும் சரியா வந்தப்புறம்தான் உயிருங்க. லைட்ட முதல் வாரம் கம்மியா வைங்க. அம்மோனியாவ தினம் டெஸ்ட் பண்ணுங்க, நிறம் லேசா மாறினாலே கலக்கி வச்ச உப்புத்தண்ணிய மாத்துங்க, அதுக்காக ஒரு பக்கெட் எப்பவும் ரெடியா இருக்கட்டும்.