தபால் பையை இறக்கி வைத்த பிறகு

நாற்பது வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாகத் தபால்காரனாக இருந்தேன். கண்டியூர்ப் பக்கம், குடமுருட்டி ஆற்றங்கரையில் நாலு ஊருக்கும் நான்தான். காலை பதினொரு மணி என்றால் ஏதாவது ஒரு திண்ணையில் யாராவது என் சைக்கிளுக்காக உட்கார்ந்திருப்பார்கள். ஓய்வு பெற்ற மறுநாள் அதே நேரத்துக்கு அதே தெருவில் காய் வாங்கப் போனேன். ஒருத்தரும் தலை நிமிரவில்லை. யார் மேல் கோபப்படுவது? கையில் பை இல்லையே.

ஒன்றரை வருஷம் டிவி முன்னால் கிடந்தேன். வாழ்க்கைக்கு என்ன அர்த்தம் என்று தெரிந்துகொள்ளச் சொற்பொழிவுகளுக்கும் போனேன். சுண்டல் நன்றாக இருந்தது. கடைசியில் அந்தக் கேள்வியை விட்டுவிட்டு வேறொன்றைப் பிடித்துக்கொண்டேன்: நாளைக்கு நான் வரவில்லை என்றால் என்னை யார் தேடுவார்கள்? என்னைப்போல வேலையை இறக்கி வைத்துவிட்டு விழிக்கிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். உங்களைத் தேடுகிற மாதிரி சிலதை ஏற்படுத்திக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு விளக்கு. தேவாரப் பாடல் பெற்ற சிவத்தலங்கள் காவிரிக்கு வடகரையில் 63, தென்கரையில் 127. பாடல் பெறாதவை இன்னும் எத்தனையோ. உங்கள் ஊரிலும் ஒன்று இருக்கும்: குருக்கள் ஒரு வேளை வந்து போகிற கோயில், நந்தி முதுகில் வௌவால் எச்சம். குருக்களிடம் கேட்டுச் சாயங்கால விளக்கை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரத்து எண்ணெயை மொத்தமாக ஊற்றி வைக்காதீர்கள். அன்றன்றைக்கு எரிகிற அளவுதான் ஊற்ற வேண்டும். அப்போதுதான் மறுநாள் நீங்கள் போகாவிட்டால் இருட்டாக இருக்கும். தண்ணீரில் விளக்கெரிக்க நாம் நாயன்மார் நமிநந்தியடிகள் இல்லை, நல்லெண்ணெய் வாங்கிவிடுங்கள். பக்தி பொங்கட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். பாதி நாள் நான் கரண்ட் பில்லை நினைத்துக்கொண்டுதான் திரி போடுகிறேன்.

அப்பரைப்போல, புல் செதுக்குகிற உழவாரத்தையும் எடுக்கலாம், பிராகாரத்துப் புல் வரைக்கும். விமானத்தில் முளைத்த அரசங்கன்றைப் பிடித்து இழுக்காதீர்கள். வேர் செங்கல் இடுக்குகளில் ஓடியிருக்கும், கன்றோடு செங்கல்லும் கையில் வரும். கோயில் அலுவலகத்தில் சொல்லுங்கள், மறுபடி சொல்லுங்கள்.

அடுத்தது ஒரு மனுஷர். ஒருவர் போதும். கீழத்தெருவில் ஒரு பெரியம்மா, எண்பது தாண்டியவர். மாதாமாதம் அவருடைய முதியோர் பணத்தை எண்ணிக் கொடுத்துக் கைநாட்டு வாங்கியவன் நான். செவ்வாய்க்கிழமைதோறும் போவது என்று வைத்துக்கொண்டேன். கிழமை மாறக் கூடாது. வாசலில் நின்று "ஏதாவது வேணுமா?" என்று கேட்காதீர்கள், "ஒண்ணும் வேணாம் தம்பி" என்றுதான் பதில் வரும். பேசாமல் குடத்தை எடுத்துக்கொண்டு தெருக்குழாய்க்குப் போங்கள். மாத்திரை அட்டையில் எத்தனை பாக்கி என்று பாருங்கள். சொன்ன கதையையே மறுபடி சொன்னால் முதல்முறை கேட்பதுபோல "அப்புறம்?" என்று கேளுங்கள்.

நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். ஒரு தடவை அடுக்குப்பானைக்கு அடியில் ஐந்நூறு ரூபாய் நோட்டு ஒன்றை வைத்துவிட்டு வந்தேன். அடுத்த செவ்வாய் முருங்கைக்கீரைக் கட்டோடு அந்த நோட்டையும் மடித்து என் கையில் வைத்தார். "கைநாட்டு வைக்காம நான் எப்ப தம்பி பணம் வாங்கிருக்கேன்?" கீரையை வாங்கிக்கொண்டேன். இப்போதும் வாரம் தவறாமல் வாங்குகிறேன். அவர்கள் கொடுப்பதை வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

மூன்றாவது கைவேலை. பாட்டோ கோலமோ, உங்களுக்கு எது வருமோ அது. எனக்குப் பொம்மை. வெட்டாறு, வெண்ணாறு, வடவாறு என்று மூன்று ஆறு தாண்டித் தஞ்சாவூரில் ஒரு பொம்மைக்காரரிடம் போய் உட்கார்ந்து, தள்ளினால் எழுந்து நிற்கிற ராஜா ராணி செய்யக் கற்றேன். அந்தப் பொம்மையை வைத்து எல்லோரும் ஓர் உவமை சொல்வார்கள். நான் சொல்லப்போவதில்லை.

பழைய பேப்பரைக் கிழித்து ராத்திரி முழுக்க ஊறவைத்து, அரைத்துப் பிழிந்து, மரவள்ளிக்கிழங்கு மாவில் காய்ச்சிய பசையோடு பிசையுங்கள். பூச்சி அரிக்காமலிருக்கத் துளி மயில்துத்தம் சேர்ப்பார்கள். அது விஷம், பேரப்பிள்ளைகள் இருக்கிற வீட்டில் ஜாக்கிரதை. அச்சில் அப்பி எடுத்து நிழலில் காயவைக்க வேண்டும். வெயிலில் வைத்தால் வெடிக்கும். அடிப்பாகம் கிண்ணம்போல உருண்டையாக இருக்கணும், அதற்குள் களிமண்ணை அடியோடு அடியாக அழுத்த வேண்டும். மண் மேலே ஏறிவிட்டாலும் பொம்மை கெட்டது, எடை போதாவிட்டாலும் கெட்டது. என் முதல் ராஜா, தள்ளியதும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் படுப்பதுபோலப் படுத்துவிட்டார். அப்புறம் எழுந்திருக்கவேயில்லை.

காய்ந்தபின் உப்புத்தாள் போட்டு, வெள்ளை பூசி, வர்ணம். இதில் ஒரு சூட்சுமம். அன்றைக்கே முடித்துவிடாதீர்கள். உடம்பு, மீசை, கிரீடம் எல்லாம் தீட்டிவிட்டுக் கண்ணை மட்டும் பாக்கி வைத்துவிட்டுத் தூங்குங்கள். கண் இல்லாத ராஜா மேசையில் இருக்கும்போது காலையில் படுக்கையில் புரளத் தோன்றாது. நவராத்திரிக் கொலுவுக்குத் தயாராக வேண்டும் என்றால் ஆனியிலேயே தொடங்குவது நல்லது. ஐப்பசி அடைமழையில் எதுவும் காயாது, அந்த மாதம் நான் அச்சைத் துடைத்து வைப்பதோடு சரி.

போன புரட்டாசியில் எனக்குக் காய்ச்சல். இரண்டு செவ்வாய் போகவில்லை. மேசையில் கண் வைக்காத ராணி ஒன்று, கோயிலில் குருக்களே திரி போட்டிருக்கிறார். இரண்டாவது வாரம் புதன்கிழமை காலையில் பால்காரர் வாசலில் சைக்கிளை நிறுத்தி, இறங்காமலே சத்தம் போட்டார்:

"கீழத்தெரு பெரியம்மா சொல்லச் சொன்னாங்க. கீரை வாடுதாம். வந்து எடுத்துட்டுப் போவீங்களாம்."