ஆன்டிபாடி மருந்துத் தயாரிப்பில் எலிசா: எந்தப் படியில் எதை அளப்பது?

தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நாட்டாலைச் சேர்ந்த ஒரு பெண்ணின் இரத்தத்திலிருந்து கண்டறியப்பட்டு, டர்பனிலுள்ள காப்ரிசா எய்ட்ஸ் ஆய்வு நிலையம் ஆராய்ந்துவரும், எச்.ஐ.வி.யை எதிர்க்கும் ஆன்டிபாடி (நோயெதிர்ப்புப் புரதம்) ஒன்று, தயாரிப்பில் ஒரு பெரும் சிக்கலைக் காட்டியது. சீன வெள்ளெலிச் செல்களில் வளர்க்கும்போது, வைரஸைப் பற்றும் அதன் வளையம் அச்செல்களின் நொதியால் வெட்டுப்பட்டது. இத்துறைக்கு வரும் நம் டர்பன் பிள்ளைகள் இதிலிருந்தே தொடங்கலாம். ஆன்டிபாடியின் வால்பகுதியை மட்டும் பிடித்து அளக்கும் எலிசா சோதனை (குழிகள் கொண்ட தட்டில் புரதத்தைப் பிடித்து, எழும் நிறத்தால் அதன் அளவைக் காணும் முறை), வெட்டுப்பட்டதையும் நல்லதோடு சேர்த்தே கணக்கிட்டுவிடும். ஆகவே, மிகுதியாகச் சுரக்கும் செல்களைத் தேர்ந்தெடுக்கும் கட்டத்திலேயே, ஆன்டிபாடி பற்றவேண்டிய வைரஸ் புரதத்தைத் தட்டில் பூசிச் செய்யும் பிணைப்புச் சோதனையையும் உடன் நடத்துங்கள். இரண்டு அளவுகளும் ஒன்றைவிட்டு ஒன்று விலகினால், தூய்மையாக்கலுக்குப் போகுமுன் காரணத்தைத் தேடுங்கள்.

தூய்மையாக்கலில் ஒவ்வொரு படிக்குப் பின்னும் இரண்டு மாசுகளை அளக்க வேண்டும். அவற்றுள் ஒன்று, வடிகட்டும் குழாயில் ஆன்டிபாடியைப் பிடித்துவைக்கும் புரதமான புரோட்டீன் ஏ; அது குழாயிலிருந்து கழன்றுவரும். அது ஆன்டிபாடியோடு ஒட்டிக்கொண்டே வருவதால், அமிலத்தாலோ சூட்டாலோ பிரித்தபின் அளக்காவிட்டால் குறைத்தே காட்டும்.

மற்றது, வளர்ப்புச் செல்களின் சொந்தப் புரதங்கள். மிகுந்த கவனம் வேண்டுவது இங்கேதான் என்பது என் உறுதியான கருத்து. ஒரே அளவில் நீர்த்த மாதிரி தரும் எண்ணை நம்பவே கூடாது. 2, 4, 8, 16 மடங்கு என நீர்த்துக்கொண்டே போய், கிடைத்த அளவை அந்தந்த மடங்கால் பெருக்கிப் பாருங்கள். பெருக்குத்தொகை ஏறிக்கொண்டே சென்று ஓரிடத்தில் நிலைத்தால், நிலைத்த இடத்து அளவே ஏற்கத்தக்கது. செறிந்த மாதிரியில் ஏதோ ஒரு புரதம், அதைப் பிடிக்கும் சோதனைத் தட்டு ஆன்டிபாடிகளின் கொள்ளளவை மிஞ்சியிருக்கிறது என்று பொருள். அமிலத்தன்மையுள்ள மாதிரியை நடுநிலைப்படுத்தி, தெரிந்த அளவு புரதத்தைச் சேர்த்து, அதில் 80 முதல் 120 விழுக்காடு வரை திரும்பக் கிடைக்கிறதா என்றும் சரிபார்க்க வேண்டும். இச்செல்புரதங்கள் மருந்தின் ஒரு மில்லிகிராமுக்கு 100 நானோகிராமுக்குக் குறைவு என்பதே இறுதிப் பொருளுக்குப் பொதுவாக வைக்கப்படும் இலக்கு.

தட்டைக் கையாளும் முறையும் முடிவை மாற்றும். டர்பனின் கோடைப் பகலில், குளிர்பெட்டியிலிருந்து எடுத்த தட்டின் ஓரக்குழிகள் நடுக்குழிகளைவிட விரைவில் சூடேறி, நீலநிறம் அங்கே முந்திக்கொண்டு எழும். எனவே தட்டும் கரைசல்களும் அறைவெப்பத்துக்கு வந்தபின் தொடங்குங்கள். நிறுத்தும் அமிலத்தை, நிறக்கரைசல் ஊற்றிய அதே வரிசையில், அதே வேகத்தில் ஊற்றுங்கள். நீலம் மஞ்சளாக மாறியதும் தாமதிக்காமல் 450 நானோமீட்டரில் அளந்துவிடுங்கள். 96 குழிகளில் பல சுத்திகரிப்பு நிலைமைகளை ஒரே நாளில் ஒப்பிட முடியும் என்பதால், அந்த முடிவு கைக்கு வந்தபின் அடுத்த சோதனையை வகுப்பதே வீண்செலவைத் தவிர்க்கும் வழி.