பிள்ளைகளோடு மாயாஜாலப் படம் பார்க்கும் முன்

மாயாஜாலப் படம் என்றாலே குழந்தைகள் படம்தான் என்று நம்பி டிக்கெட் போடுகிறவர்கள்தான் பாதிப் படத்தில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே வருகிறார்கள். படம் நன்றாக இருக்கிறதா என்பது இரண்டாவது கேள்வி. எவ்வளவு நேரம் ஓடுகிறது, கதையில் யார் சாகிறார்கள், கதை அந்தப் படத்திலேயே முடிகிறதா என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும்.

சென்சார் சான்றிதழிலிருந்து தொடங்கலாம். 1983-இல் வந்த யு/ஏ பிரிவை, 2023-இல் செய்த சட்டத்திருத்தம் 7+, 13+, 16+ என மூன்றாகப் பிரித்தது. இந்த எண் பெற்றோருக்கான யோசனை மட்டுமே. 'ஏ' படத்தைப்போல இது பிள்ளைகளை வாசலில் நிறுத்தும் விதி அல்ல. அதனால் முடிவெடுக்கும் பொறுப்பு உங்கள் தலையில்தான். ஆனால் எதற்காக அந்த எண் கொடுத்தார்கள் என்பதை எண்ணை வைத்துத் தெரிந்துகொள்ள முடியாது. அதற்கு பிரிட்டிஷ் தணிக்கை வாரியத்தின் இணையதளம் உதவும். வன்முறை, அச்சுறுத்தல், மொழி என்று தலைப்பு வாரியாகச் சுருக்கமாக எழுதி வைத்திருப்பார்கள். சிறு பிள்ளைகளுக்கு அதில் 'அச்சுறுத்தல்' பகுதிதான் முக்கியம். அடிதடியைப் பார்த்து அவர்கள் அவ்வளவாகப் பயப்படுவதில்லை. அம்மா காணாமல் போவதும், பழகிய விலங்கு வலியில் துடிப்பதும்தான் ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கும்.

நேரத்துக்கு ஒரு தோராயக் கணக்கு: ஐந்து வயதுக்கு ஒன்றரை மணி நேரம், எட்டு வயதுக்கு இரண்டு மணி நேரம். ஆங்கிலப் படங்களை இடைவேளைக்கு இடம் விட்டு எழுதுவதில்லை. நம் தியேட்டரில் அதை நடுவில் எங்கோ வெட்டுவார்கள், சில நேரம் பரபரப்பான காட்சிக்கு நடுவிலேயே. இடைவேளை வரும் என்று கழிப்பறையைத் தள்ளிப்போடாமல், படம் தொடங்கும் முன்பே கூட்டிப்போய் வந்துவிடுங்கள். 3டி கண்ணாடி பெரியவர்கள் அளவில்தான் இருக்கும், மூக்கில் நிற்காது. இரண்டு காம்பையும் தலைக்குப் பின்னால் ஒரு ரப்பர் பேண்டால் இணைத்தால் போதும். 2டி காட்சி கிடைத்தால் அதற்கே போங்கள், படமும் வெளிச்சமாகத் தெரியும்.

இனி சமீபத்திய படங்கள். 'விக்கட்' (2024) 2 மணி 40 நிமிடம். அதுவும் பாதிக் கதைதான். மீதி 2025 நவம்பரில் தனிப் படமாக வந்தது. பாட்டும் கூத்தும் என்று நம்பிப் போனால், குரங்குகளின் முதுகைப் பிளந்துகொண்டு இறக்கை முளைக்கும் காட்சி எதிர்பாராமல் வந்து விழும். பத்து வயதுக்குக் கீழே வேண்டாம். 'வோங்கா' (2023) 1 மணி 56 நிமிடம் ஓடினாலும் பயமுறுத்தாது. அம்மாவின் மரணம் கதை தொடங்கும் முன்பே நடந்து முடிந்துவிட்டது. நினைவாக மட்டுமே வருகிறது. பாட்டி முதல் பேரன் வரை உட்கார்ந்து பார்க்க இதைத்தான் முதலில் சொல்வேன்.

'ஹவ் டு ட்ரெயின் யுவர் டிராகன்' விஷயத்தில் 2025-இன் நடிகர்கள் பதிப்பைவிட 2010-இன் அனிமேஷனே மேல். கதை ஏறத்தாழ அதேதான், காட்சிகளும்கூட. ஆனால் 98 நிமிடப் படத்தை 125 நிமிடமாக இழுத்திருக்கிறார்கள். இரண்டிலும் கடைசியில் நாயகப் பையன் ஒரு காலை இழக்கிறான். வரைந்த உருவத்துக்கு நடக்கும்போது பிள்ளைகள் தாங்கிக்கொள்கிறார்கள், உண்மையான பையனுக்கு நடக்கும்போது அப்படி இல்லை. 2010 படத்தின் இரு இயக்குநர்களில் ஒருவரான கிறிஸ் சாண்டர்ஸ்தான் 'தி வைல்ட் ரோபோ' (2024) எடுத்தவர். இந்தச் சில வருடங்களில் வந்த குடும்பப் படங்களில் இதுவே சிறந்தது என்பது என் கட்சி. ஆனால் ஆரம்பத்திலேயே ரோபோ தடுமாறி விழுந்து வாத்துக் கூட்டை நசுக்கிவிடும். தப்புவது ஒரே ஒரு முட்டை. "அந்தக் குஞ்சோட அம்மா எங்கே?" என்று பிள்ளை அப்போதே கேட்கும். "செத்துப்போச்சு, ரோபோ தெரியாம பண்ணிருச்சு" என்று உள்ளதைச் சொல்லிவிடுங்கள். மழுப்பினால், பின்னால் குஞ்சுக்கு அந்த உண்மை தெரியவரும் இடத்தில் பிள்ளைக்குக் கதை புரியாமல் போகும்.

டப்பிங் இல்லையே என்று கவலைப்படத் தேவையில்லாத படம் 'ஃப்ளோ' (2024). லாட்வியா நாட்டுக்காரர் இயக்கியது, ப்ளெண்டர் என்ற இலவச மென்பொருளில் உருவானது, சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கரும் வாங்கியது. 85 நிமிடத்தில் ஒரு வசனம்கூட கிடையாது; வெள்ளத்தில் படகேறிய பூனையும் மற்ற விலங்குகளும்தான். பேசிக்கொண்டே பார்க்க விடுங்கள், எதுவும் தவறிப்போகாது. முடிவில் ராட்சதத் திமிங்கலம் ஒன்று தரைதட்டிக் கிடக்கும். அதைப் பார்த்துப் பிள்ளை அழுதால், பெயர்ப் பட்டியல் முடியும்வரை டிவியை அணைக்காதீர்கள். அதற்குப் பிறகு ஒரு சின்னக் காட்சி இருக்கிறது. ஓடிடியில் பட்டியல் தொடங்கியதும் திரை சுருங்கி அடுத்த படத்துக்குத் தாவும். அந்த ஆட்டோபிளேயை முன்கூட்டியே அணைத்து வையுங்கள்.

வீட்டு டிவியில் இன்னும் இரண்டு வேலை. படம் சீரியல்போல வழுக்கிக்கொண்டு ஓடினால், பிக்சர் செட்டிங்கில் பெயரில் 'மோஷன்' என்று வரும் வசதியை நிறுத்துங்கள். கிராஃபிக்ஸ் பொம்மைத்தனமாகத் தெரிவதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். பேச்சு கேட்காமல் சண்டை மட்டும் காதைப் பிளந்தால், ஆடியோவை 5.1-இலிருந்து ஸ்டீரியோவுக்கு மாற்றுங்கள். ஐந்து ஸ்பீக்கருக்கான ஒலியை டிவியின் இரண்டு ஸ்பீக்கரில் அடைக்கும்போது முதலில் அமுங்குவது வசனம்தான். மாற்றியும் சரியாகவில்லை என்றால் 'நைட் மோட்' இருக்கிறதா என்று பாருங்கள். அது வெடிச்சத்தத்தைக் குறைத்துப் பேச்சைத் தூக்கிக் கொடுக்கும்.