புது பேட்டரி வாங்கும் முன் பழையதன் லேபிளைப் படம் எடுங்கள்

லேப்டாப் பேட்டரி சார்ஜ் நிற்காமல் போனால், லேப்டாப்பின் மாடல் பெயரை மட்டும் வைத்துப் புது பேட்டரி ஆர்டர் பண்ணாதீர்கள். ஆஃப் பண்ணி, சார்ஜரைப் பிடுங்கி, பின்மூடியைக் கழற்றி, பழைய பேட்டரியில் ஒட்டியிருக்கும் லேபிளை மொபைலில் படம் எடுங்கள், அதிலுள்ள பார்ட் நம்பரைப் போட்டுத் தேடுங்கள்.

ஒரே மாடல் பெயரில் 3 செல், 4 செல் என்று வெவ்வேறு பேட்டரி போட்டு விற்கிறார்கள். மாடல் பெயரைப் பார்த்து வாங்கினால் ஸ்க்ரூ துளை பொருந்தாது, அல்லது கனெக்டர் வயர் அரை இஞ்ச் குட்டையாக இருந்து போர்டுக்கு எட்டாது, அப்புறம் ரிட்டர்ன் போட்டு அலைய வேண்டியதுதான். லேபிளில் வோல்டேஜும், பேட்டரி எவ்வளவு மின்சாரம் சேமிக்கும் என்று சொல்லும் வாட் ஹவரும் (Wh) கூட இருக்கும். பழையது 11.4 வோல்ட் என்றால் 7.6 வோல்ட் பேட்டரி பக்கமே போகாதீர்கள். வாட் ஹவர் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் பரவாயில்லை, சார்ஜ் நிற்கும் நேரம்தான் மாறும். அதே அளவு பேட்டரியில் இரண்டு மடங்கு வாட் ஹவர் என்று மலிவு விலையில் போட்டிருந்தால் நம்பவே நம்பாதீர்கள்.

பேட்டரி வீங்கி, டச்பேட் மேலே தூக்கிக்கொண்டோ மூடி உப்பிப்போயோ இருந்தால் இதெல்லாம் வேண்டாம், ஸ்க்ரூடிரைவரைத் தொடாமல், சார்ஜும் போடாமல் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோங்கள். வாரண்டி மிச்சம் இருந்தாலும் அங்கேதான். மேக்புக்கில் பெரும்பாலும் பேட்டரியைப் பசை போட்டு ஒட்டியிருப்பார்கள், வீட்டில் நெம்பாதீர்கள்.