ரெகுலர் பிளானிலிருந்து டைரக்டுக்கு மாறுவது எப்படி?

காட்பாடியில் நகைக்கடனைத் திருப்பப் போன வங்கியில், நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டுத்தான் நான் ஒரு மியூச்சுவல் ஃபண்டில் எஸ்ஐபி (மாதத் தவணை முதலீடு) ஆரம்பித்தேன். மாதம் 5,000 ரூபாய். அது இடைத்தரகர் வழியாக விற்கப்படும் ரெகுலர் பிளான் என்பது மூன்று வருடம் கழித்துத்தான் உறைத்தது.

"கமிஷனே கிடையாது சார்" என்றார்கள். பாதி உண்மை. நுழைவுக் கட்டணத்தை, பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி 2009 ஆகஸ்டிலேயே நீக்கிவிட்டது. ஆனால் ரெகுலர் பிளானில் விற்றவருக்கான கமிஷன் எக்ஸ்பென்ஸ் ரேஷியோவுக்குள் (ஃபண்டை நடத்த நம் பணத்தில் கழிக்கும் செலவு சதவீதம்) ஒளிந்திருக்கும்; பணம் அங்கே இருக்கும்வரை கழிந்துகொண்டே இருக்கும். 2013 ஜனவரி முதல் ஃபண்டுகளில் இடைத்தரகர் இல்லாமல் நாமே வாங்கும் டைரக்ட் பிளானும் உண்டு. அதே மேனேஜர், அதே பங்குகள், கமிஷன் மட்டும் இல்லை. 3 லட்சத்துக்கு ஒரு சதவீத வித்தியாசம் என்றாலே வருடம் 3,000 ரூபாய்.

முதலில், நம் ஃபண்டுகளை ஒரே இடத்தில் காட்டும் எம்எஃப் சென்ட்ரல் தளத்தில் பான் எண், மொபைல் எண் கொடுத்து நுழைந்து ஸ்டேட்மென்ட் எடுங்கள். எனக்கு ஆப்களைவிட இதுதான் பிடிக்கும். விளம்பரத் தொல்லை இல்லை, வேலூர் வெயிலில் கிளைக்கு அலையவும் வேண்டாம். ஃபண்ட் பெயரில் 'ரெகுலர்' என்றிருந்தால் கமிஷன் போகிறது.

அப்புறம் ஸ்விட்ச், அதாவது போட்ட பணத்தை ஒரு பிளானிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது. அதே ஃபண்டின் டைரக்ட் பிளானைத் தேர்ந்தெடுங்கள். அங்கே என்ஏவி (ஒரு யூனிட்டின் விலை) கூடுதலாக இருக்கும், பயப்பட வேண்டாம். யூனிட் குறையும், மதிப்பு குறையாது.

ஆனால் சட்டப்படி இது விற்று வாங்குவதுதான். பல பங்கு ஃபண்டுகளில் ஒரு வருடத்துக்குள் வெளியேறினால் 1% எக்ஸிட் லோடு, அதாவது வெளியேறும் கட்டணம். எஸ்ஐபியில் ஒவ்வொரு தவணைக்கும் அந்த ஒரு வருடம் தனித்தனி. பங்கு ஃபண்டில் ஒரு வருடம் தாண்டிய யூனிட்களின் லாபம், நிதியாண்டில் மொத்தம் 1.25 லட்சத்தைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு 12.5% வரி. அதனால் நான் பழைய யூனிட்களை மட்டும், இரண்டு நிதியாண்டாகப் பிரித்து மாற்றினேன்.

சறுக்கியது இங்கேதான். ஸ்விட்ச் செய்தால் எஸ்ஐபியும் கூடவே மாறும் என்று நினைத்துவிட்டேன். மாறாது! அடுத்த நான்கு தவணையும் சமர்த்தாக ரெகுலருக்கே போயின. பழைய எஸ்ஐபியைத் தனியாக ரத்து செய்து, டைரக்டில் புதிதாகத் தொடங்க வேண்டும். தவணைத் தேதிக்குப் பத்து நாள் முன்பே செய்துவிடுங்கள்.

பின்சேர்க்கை: குடியாத்தத்திலிருந்து ஒருவர், தன் வரிசேமிப்பு ஃபண்டில் ஸ்விட்ச் வேலை செய்யவில்லை என்று கேட்டிருந்தார். இஎல்எஸ்எஸ் எனப்படும் இந்த வரிசேமிப்பு ஃபண்டில் ஒவ்வொரு தவணையும் மூன்று வருடம் பூட்டப்பட்டிருக்கும். அது முடியும்வரை யூனிட்கள் அங்கேயேதான். எஸ்ஐபியை மட்டும் இன்றே டைரக்டுக்கு மாற்றிவிடலாம்.