ஸ்மார்ட் பிளக்: வீட்டுக்கு ஒன்று போதும்

சுவர் சாக்கெட்டுக்கும் சாதனத்துக்கும் இடையில் மாட்டி, செல்போனிலிருந்தே இயக்கவும் அணைக்கவும் உதவும் ஸ்மார்ட் பிளக் வாங்குவதானால் மின் அளவு காட்டும் 16 ஆம்பியர் வகையில் ஒன்றே ஒன்று வாங்கி, அதையே ஒவ்வொரு சாதனத்துக்கும் மாற்றி மாற்றிப் பொருத்துங்கள். ஃபிரிட்ஜுக்கு ஒரு வாரம், வாஷிங் மெஷினுக்குச் சில நாட்கள். அளந்து முடித்ததும் கீசரில் நிரந்தரமாக மாட்டிவிடலாம்.

ஒரு சாதனம் எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்பதை ஒருமுறை தெரிந்துகொண்டால் போதும், தினமும் பார்க்கத் தேவையில்லை. 2,000 வாட் கீசர் சூடேற்றும் ஒவ்வொரு அரை மணிக்கும் ஒரு யூனிட் ஆகிறது. அதற்கு நேரம் குறித்து அணைப்பதில்தான் பிளக்கின் விலை திரும்ப வரும். தமிழ்நாட்டில் இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ் அடுக்கு யூனிட்டுகளின் கட்டணமும் கூடுவதால், எல்லையருகே இருப்பவர்களுக்கு இது கூடுதல் லாபம். டிவிக்கும் செல்போன் சார்ஜருக்கும் வாங்குவது வீண்! அவை சும்மா இருக்கும்போது இழுக்கும் மின்சாரம் மிகக் குறைவு. வைஃபையில் எப்போதும் விழித்திருக்கும் பிளக்கும் ஏறத்தாழ அதே அளவு தின்றுவிடும்.

தண்ணீர் மோட்டாருக்கு இது சரிவராது, தொடக்க மின்னோட்டம் மிக அதிகம். சுவரில் நேரடியாக இணைத்த ஏசிக்கும் பொருத்த முடியாது. 10 ஆம்பியர் பிளக்கைக் கீசரில் மாட்டவே கூடாது, சூடாகி உருகக்கூடும். ஃபிரிட்ஜில் மாட்டும்போது, மின்வெட்டுக்குப் பின் பிளக் தானாக இயங்கும்படி அமைத்திருக்கிறதா என்று பாருங்கள்.