விமான நிலைய இத்தாலிய உணவகத்தில் பதற்றமில்லாமல் சாப்பிடுவது எப்படி?

பாதுகாப்புச் சோதனை முடிந்த பிறகும் நேரம் இருக்கிறதா? நின்றபடியே சாண்ட்விச் கடிக்க வேண்டியதில்லை. உட்கார்ந்து சூடான பாஸ்தாவே சாப்பிடலாம், கடிகாரத்துக்கு ஏற்ப ஆர்டர் செய்யத் தெரிந்தால்.

1. நேரத்தைப் பின்னோக்கிக் கணக்கிடுங்கள்

போர்டிங் பாஸில் பார்க்க வேண்டியது போர்டிங் தொடங்கும் நேரத்தை. பல நிறுவனங்கள் விமானம் புறப்பட 15, 20 நிமிடம் இருக்கும்போதே கேட்டை மூடிவிடுகின்றன. கேட் வரை நடக்கும் நேரத்தைக் கழியுங்கள்; இடையில் குடியேற்றச் சோதனை இருந்தால் அதையும் கழியுங்கள். மிச்சம் 45 நிமிடம்கூட இல்லையென்றால் பார்சல்தான்.

2. அறிவிப்புத் திரை தெரியும் மேசை

பல விமான நிலையங்கள் ஒலிபெருக்கி அறிவிப்புகளை வெகுவாகக் குறைத்துவிட்டன. கேட் மாறினால் திரையில்தான் தெரியும்.

3. சமையல் நேரம் பார்த்து ஆர்டர்

ரிசோட்டோ வேண்டாம். அரிசியில் சூப்புநீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக் கிளறுகிற உணவு அது. முறையாகச் செய்தால் 20 நிமிடம் ஆகும். பாஸ்தாத் தகடுகளை அடுக்கிச் சுடும் லசான்யா முன்பே வெந்திருக்கும், வெட்டிச் சூடாக்கித் தருவார்கள். மெல்லிய பீட்சாவும் சீக்கிரம் வந்துவிடும்.

என் தேர்வு எப்போதும் தக்காளி சாஸ் பாஸ்தா. காரம் வேண்டுமென்றால் பென்னே அராபியாட்டா (மிளகாய் சேர்த்த தக்காளி சாஸில் குழாய் வடிவப் பாஸ்தா). கிரீம் சாஸைத் தரையிலேயே விட்டுவிடுங்கள். பறக்கும்போது கேபின் காற்றழுத்தம் சுமார் 1,800 முதல் 2,400 மீட்டர் உயரமுள்ள மலையில் இருப்பதுபோல் குறைந்துவிடும். வயிற்றிலுள்ள வாயு விரியும். கனமான சாப்பாடு அப்போதுதான் படுத்தும்.

4. பில்: தட்டு வரும்போதே

நேரம் கரைவது சமையலறையில் அல்ல, இங்கேதான். உட்கார்ந்து சாப்பிடும் உணவகங்களில் நீங்கள் கேட்காமல் பில் வருவது அபூர்வம். தானாகக் கொண்டுவந்து வைத்தால் விருந்தினரை எழுப்பிவிடுவதுபோல் ஆகும் என்று நினைப்பார்கள். கேட்ட பிறகும் சர்வர் உள்ளே போய் அச்சிட்டு வர வேண்டும், பிறகு கார்டு இயந்திரத்துக்காகத் திரும்பப் போக வேண்டும். அந்த இயந்திரம் பக்கத்து மேசையில் நான்கு பேரின் தனித்தனிக் கணக்கில் சிக்கியிருக்கும். தட்டு காலியாகிவிட்டது, சாஸ் காய்கிறது, திரையில் உங்கள் விமானத்துக்கு நேரே 'போர்டிங்' என்று வந்துவிட்டது. உங்களால் எழ முடியாது.

அதனால் ஆர்டர் கொடுக்கும்போதே போர்டிங் நேரத்தைச் சொல்லுங்கள். "சாப்பாட்டோடு பில்லையும் கொண்டுவந்துவிடுங்கள்" என்று கேளுங்கள். யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். சேவைக் கட்டணம் ஏற்கெனவே சேர்ந்திருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துப் பணத்தைக் கட்டிவிட்டு, நிம்மதியாக முள்கரண்டியை எடுங்கள். நேரம் மிஞ்சினால் இனிப்புக்கு, காபி மணக்கும் திராமிசுவைத் தனி பில்லில் வாங்கிக்கொள்ளலாம்.

பின்சேர்க்கை

சைவம் பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். அசல் பார்மெசான் சீஸில் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னட் (பாலைத் திரிய வைக்கும் பொருள்) சேர்கிறது. பேசில் இலையை அரைத்துச் செய்யும் பெஸ்டோ சாஸிலும் பெரும்பாலும் அந்தச் சீஸ்தான். சீசர் சாலட் டிரெஸ்ஸிங்கில் நெத்திலி இருக்கலாம். மரினாரா பீட்சாவில் வழக்கமாகச் சீஸே கிடையாது: தக்காளி, பூண்டு, ஓரிகானோ, எண்ணெய், அவ்வளவுதான். இருந்தாலும் ஆர்டர் செய்யுமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.

மிச்சத்தைக் கட்டி எடுத்துப் போகலாமா என்பது இன்னொரு கேள்வி. தாராளமாக. ஆனால் வழியில் விமானம் மாறும் இடத்தில் மறுபடியும் சோதனை இருந்தால், பீட்சாத் துண்டை விடுவார்கள்; சூப்பும் சாஸும் திரவக் கணக்கில் வரும். 100 மில்லிலிட்டர் வரம்பு உள்ள இடங்களில் அதற்கு மேற்பட்ட டப்பாவைக் குப்பையில் போடச் சொல்லிவிடுவார்கள்.